பதின்பருவப் பிள்ளைகளுக்கு உளவழிச் சிகிச்சை: பெற்றோர் அறிய வேண்டியவை

பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளையை எங்கள் மனநலப் பிரிவுக்கு அழைத்துவரும் பெற்றோர் முதலில் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கிறது. "மாத்திரை எதுவும் வேண்டாம் டாக்டர், நீங்க கொஞ்சம் புத்தி சொன்னா போதும்" என்பது ஒன்று. "வெறும் பேச்சுக்கா லீவு போட்டுட்டு வந்தோம்? நல்ல மாத்திரையா எழுதிக் கொடுங்க" என்பது மற்றொன்று. இரண்டும் அக்கறையில் பிறந்தவையே. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது. கவுன்சலிங் என்றால் பெரியவர் ஒருவர் பிள்ளையை உட்காரவைத்து அறிவுரை சொல்வது என்பதே அந்த எண்ணம்.

அறிவுரைக்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை. எங்கள் அறைக்கு வரும் பிள்ளை அப்பா, அம்மா, சித்தப்பா, வகுப்பாசிரியர், டியூஷன் அண்ணன் என எல்லோரிடமும் அதைக் கேட்டு முடித்த பிறகே வருகிறது. அவற்றை ஒப்பிக்கச் சொன்னால் பிழையின்றி ஒப்பிக்கும். உளவழிச் சிகிச்சை அறிவுரையின்று வேறானது. பிள்ளையின் துன்பம் எதனால் நீடிக்கிறது என்பதைப் பிள்ளையுடன் சேர்ந்து கண்டறிந்து, அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியையேனும் மாற்றப் பழக்குவதே அதன் வேலை. மூட்டு அறுவைக்குப் பின் இயன்முறை மருத்துவர் தரும் பயிற்சியைப் போன்றது இது. பயிற்சியைப் பிள்ளைதான் செய்ய வேண்டும். எதை, எவ்வளவு, எந்த வரிசையில் என்பதை நாங்கள் காட்டுகிறோம்.

தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்தப்பட்ட 2015–16ஆம் ஆண்டுத் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ மூவர். பெருநகரங்களில் இந்த அளவு கிராமங்களைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என நீளும் நம் பகுதியை நகரம் என்றும் சொல்ல முடியாது, கிராமம் என்றும் சொல்ல முடியாது. நெல்வயலுக்கு அடுத்த மனையில் தொழிற்சாலை. அதற்கு அடுத்து வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் வரிசை வீடுகள். இங்கு வளரும் பிள்ளைக்கு இரு வகை நெருக்கடிகளும் உண்டு.

வயிற்றுவலியாக வரும் மனச்சோர்வு

பதின்பருவ மனச்சோர்வு பல வேளைகளில் சோகமாகத் தோன்றுவதில்லை. எரிச்சலாகவும், எதிர்த்துப் பேசுவதாகவும், காலையில் எழ மறுப்பதாகவும், ஓயாத தலைவலியாகவும் வயிற்றுவலியாகவும் தோன்றும். ஆகவே இப்பிள்ளைகளில் பலர் முதலில் பொது மருத்துவப் பிரிவுக்கும் குழந்தைகள் பிரிவுக்கும் செல்கின்றனர். ஸ்கேன் எடுக்கப்படுகிறது, குளுக்கோஸ் ஏற்றப்படுகிறது, "ஒண்ணுமில்லை" என்று சொல்லப்படுகிறது. அந்தச் சொல் வீட்டுக்குப் போவதற்குள் "நடிக்கிறான்" என்று பொருள் மாறிவிடுகிறது. வயிற்றில் புண்ணோ கட்டியோ இல்லை என்பதற்கு வலியே இல்லை என்று பொருளாகாது. தாயத்துக் கட்டுவதையும் கோயிலுக்குப் போவதையும் நாங்கள் தடுப்பதில்லை. அதனால் சிகிச்சை மாதக்கணக்கில் தள்ளிப்போவதை மட்டுமே தடுக்க விரும்புகிறோம். படிப்பு, உறக்கம், உணவு, நட்பு ஆகியவற்றில் இரண்டோ மூன்றோ இரண்டு வாரங்களுக்கு மேல் குலைந்திருந்தால் அழைத்து வாருங்கள்.

பேச்சு உண்மையிலேயே வேலை செய்கிறதா?

இக்கேள்விக்கு எங்கள் அனுபவத்தை மட்டும் விடையாகச் சொல்வது போதாது. குழந்தைகள், பதின்பருவத்தினருக்கான உளவழிச் சிகிச்சைகளைப் பற்றி ஐம்பது ஆண்டுகளில் நடந்த 447 ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்காவின் ஜான் வைஸ் குழுவினர் 2017இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். அவற்றில் பங்கேற்றோர் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். சிகிச்சை பெற்ற ஒரு பிள்ளையையும் பெறாத ஒரு பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தினால், சிகிச்சை பெற்ற பிள்ளை நன்றாக இருப்பதற்கான வாய்ப்பு 63 விழுக்காடு என்பது அதன் முடிவு. நாணயம் சுண்டினால் 50. ஆக, பயன் உண்டு, மாயம் இல்லை. பயன் எல்லாத் துன்பங்களிலும் ஒரே அளவாகவும் இல்லை. பதற்றக் கோளாறுகளில் அதிகம், மனச்சோர்வில் குறைவு.

மாத்திரையா, பேச்சா என்ற கேள்விக்கும் நேரடியான ஆய்வுகள் உள்ளன. நடுத்தரம் முதல் கடுமை வரையிலான மனச்சோர்வு கொண்ட 12 முதல் 17 வயதினர் 439 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டு வாரங்களில் முன்னேற்றம் கண்டோர்: ஃப்ளூஆக்ஸெட்டின் மாத்திரையும் உளவழிச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 விழுக்காடு, மாத்திரை மட்டும் 61, உளவழிச் சிகிச்சை மட்டும் 43, வெற்று மாத்திரை 35. இதைப் படித்துவிட்டு "அப்படியானால் மாத்திரையே போதும்" என்று முடிவு கட்ட வேண்டாம். முப்பத்தாறாம் வாரத்தில் சேர்த்துப் பெற்றவர்கள் 86, மற்ற இரு பிரிவினரும் தலா 81 விழுக்காட்டுக்கு வந்துவிட்டனர். மாத்திரை விரைவாகக் கைகொடுத்தது. பேச்சு மெதுவாக வந்து அதே இடத்தைப் பிடித்தது. பதற்றக் கோளாறுகளைப் பற்றி 2008இல் வெளியான மற்றோர் ஆய்விலும் இரண்டையும் சேர்த்துப் பெற்றோர் 81 விழுக்காட்டுடன் முன்னே நின்றனர். அங்கே பேச்சு மட்டும் பெற்றோர் 60, மாத்திரை மட்டும் பெற்றோர் 55.

எங்கள் நடைமுறை இதை ஒட்டியது. மென்மையான மனச்சோர்விலும் பெரும்பாலான பதற்றக் கோளாறுகளிலும் பேச்சில் தொடங்குகிறோம். பிள்ளை சாப்பிடாமலும் உறங்காமலும் இருந்தால், அல்லது சாவைப் பற்றிய எண்ணம் விடாமல் வந்துகொண்டிருந்தால், மாத்திரையையும் சேர்க்கிறோம். மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் சில பிள்ளைகளுக்குப் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடக்கூடும். அதனால்தான் அந்நாட்களில் அடிக்கடி வரச் சொல்கிறோம். "மாத்திரை வாங்கியாச்சு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

டெல்லிப் பள்ளிகளில் கண்டது

மேற்சொன்னவை அமெரிக்க ஆய்வுகள். நம் நாட்டு அரசுப் பள்ளியில் படிக்கும், இடநெருக்கடியான வீட்டில் வளரும் பிள்ளைக்கு எது உதவும்? இதற்கு விடை தேடியவர்கள் கோவாவில் தோன்றிய ‘சங்காத்’ அமைப்பினர். புதுடெல்லியில் ஆறு அரசுப் பள்ளிகளில், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த சுமார் 250 மாணவர்களைக் கொண்டு அவர்கள் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. சிகிச்சை அளித்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற பட்டதாரிகள். மூன்று வாரங்களில் நான்கைந்து சந்திப்புகள், ஒவ்வொன்றும் அரை மணிக்கு மேற்படாதவை. கற்பித்தது ஒன்றே ஒன்று: சிக்கல் தீர்க்கும் முறை. எது உன் சிக்கல் என்று நீயே சொல். என்னென்ன வழிகள் உண்டு என்று எழுது. ஒன்றைத் தேர்ந்து செய்துபார். என்ன ஆயிற்று என்று வந்து சொல்.

முடிவை உள்ளபடியே சொல்வோம். ஆறு வாரங்கள் கழித்து, இம்மாணவர்கள் தாங்களே சொன்ன சிக்கல்களின் கனம், கையேடு மட்டும் பெற்ற மாணவர்களைக் காட்டிலும் தெளிவாகக் குறைந்திருந்தது. ஆனால் மனநல அறிகுறிகளின் மதிப்பெண்ணில் அப்போது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்தபோது முன்னேற்றம் சிறிதாயினும் நீடித்தது. அறிகுறிகளிலும் அது தெரிந்தது. நான்கைந்து சந்திப்புகளுக்கு இது குறைந்த பலன் அன்று என்பது எங்கள் கருத்து.

இம்முறையில் எங்களை ஈர்த்தது அதன் எளிமை மட்டுமன்று. சிக்கலைப் பெயரிடும் உரிமை பிள்ளையிடம் இருக்கிறது என்பதே முதன்மையானது. ஓர் எடுத்துக்காட்டு. பலருடைய நிலையைச் சேர்த்து அமைத்தது; எந்த ஒரு பிள்ளையின் கதையும் அன்று. பதினோராம் வகுப்பு மாணவி. தாய் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்டு, தந்தை லாரி ஓட்டுநர். "எந்நேரமும் செல்போன், கேட்டா கத்துறா" என்பது தாயின் முறையீடு. தனியே பேசும்போது மாணவி செல்போனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவளுக்கு இப்போது வேதியியல் விளங்கவில்லை. வகுப்பில் கேட்க வெட்கம். இரவில் தம்பியுடன் தனியாக இருக்கையில் அச்சம். அச்சத்தை மறக்கவே செல்போன். அவள் எழுதிய மூன்று சிக்கல்களில் தானே தேர்ந்தது வேதியியல். வழிகளாக ஏழு எழுதினாள். அவற்றுள் "பள்ளிக்கூடத்தையே விட்டுவிடுவது" என்பதும் ஒன்று. அதையும் அடிக்காமல் பட்டியலில் வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் நன்மை தீமை எழுதிப் பார்த்து, ஆசிரியையிடம் மதிய இடைவேளையில் தனியே ஒரே ஒரு கேள்வி கேட்பது என்பதைத் தேர்ந்தாள். அடுத்த வாரம் கேட்டுவிட்டு வந்தாள். இரவு அச்சத்தை எடுத்துக்கொண்டது மூன்றாம் சந்திப்பில்தான். செல்போன் பேச்சுக்கே வரவில்லை. ஆனால் தாயின் கணக்குப்படி அது பாதியாகக் குறைந்திருந்தது.

யார் பேசுகிறார் என்பதும் முக்கியம். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ஒரே நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் தனி ஆலோசகரும் சில பள்ளிகளில் ஆசிரியரும் நடத்தினர். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழலும் மாணவரின் மனச்சோர்வு அளவும் நன்கு மேம்பட்டன. ஆசிரியரே நடத்திய பள்ளிகளில் பலன் தெரியவில்லை. ஆசிரியரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. மதிப்பெண் போடுபவரிடமும், வீட்டில் கணக்குக் கேட்பவரிடமும் பிள்ளை மனம் திறப்பது கடினம். பெற்றோராகிய உங்களிடம் சொல்லாததை எங்களிடம் சொல்வதற்கும் காரணம் அதுவே. உங்கள் வளர்ப்பில் பிழை என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

அச்சத்தின் படிக்கட்டு

பதற்றத்திற்கான சிகிச்சை வேறு வகையானது. கும்மிடிப்பூண்டியில் காலை மின்சார ரயிலில் ஏறும் பதினேழு வயதுப் பாலிடெக்னிக் மாணவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஒருநாள் நெரிசலில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது. கவரைப்பேட்டையில் இறங்கிவிடுகிறார், உடனே நிம்மதி. அந்த நிம்மதிதான் பொறி. "இறங்கியதால் பிழைத்தேன்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. மறுநாள் அச்சம் கூடுகிறது. அப்பா பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். ஒரு மாதத்தில் கல்லூரியே நின்றுவிடுகிறது.

இதய நோய் இல்லை என்று ஈசிஜியும் பரிசோதனையும் உறுதி செய்த பிறகு, மாணவருடன் சேர்ந்து ஒரு படிக்கட்டு வரைகிறோம். நடைமேடையில் நின்று இரண்டு ரயில்கள் போவதைப் பார்ப்பது முதற்படி. கூட்டமில்லாத ஞாயிறு மதியம் தந்தையுடன் ஒரு நிலையம். பின்னர் தனியாகப் பொன்னேரி வரை. கடைசியில் திங்கள் காலை நெரிசல். ஒவ்வொரு படியிலும் படபடப்பு வரும், வர வேண்டும். இறங்கி ஓடாமல் நின்றால் அது ஏறி, உச்சம் தொட்டு, தானே தணிவதை உடல் அறிந்துகொள்கிறது. வீட்டார் இங்கே செய்யும் உதவி ஒன்றே: இரக்கப்பட்டுப் படியைத் தாண்டவும் விடாதீர்கள், அவசரப்பட்டு இரண்டு படிகளை ஒன்றாக ஏற்றவும் செய்யாதீர்கள். ‘சி.பி.டி.’ என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் சிந்தனை–நடத்தைச் சிகிச்சையின் வலிமையான பகுதி இந்தப் படிப்படியான பழக்கமே. பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைக்கும் இதுவே வழி. நீண்ட மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கேட்கும் பெற்றோருக்கு நாங்கள் தயங்குவதன் காரணமும் இதில் இருக்கிறது.

"என்ன சொன்னான்னு எங்களுக்குச் சொல்லுங்க"

முதல் சந்திப்பில் பிள்ளையுடன் தனியே பேசுகிறோம். வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கு அந்த நேரம் நெடுநேரமாகத் தோன்றும். உள்ளே பேசியதில் எதைச் சொல்வோம், எதைச் சொல்லமாட்டோம் என்பதை இருவர் முன்னிலையிலும் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். நட்பு, காதல், மதிப்பெண், உங்களைப் பற்றிய கோபம் ஆகியவை பிள்ளையின் இசைவின்றி வெளியே வாரா. உயிருக்கு ஆபத்து இருந்தால் சொல்வோம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிக்க வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு; குடும்ப மானம் கருதியும் அதை மறைக்க இயலாது. வீடு திரும்பும் வழியில் பேருந்தில் வைத்து "உள்ளே என்ன கேட்டாங்க?" என்று குடையாதீர்கள். அந்த ஒரு கேள்வியால் அடுத்த சந்திப்பில் பிள்ளை வாயை மூடிக்கொள்வதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

வீட்டில் தெலுங்கோ ஒடியாவோ இந்தியோ பேசுவோர் முன்கூட்டியே சொல்லுங்கள். தமிழ் நன்கு தெரிந்த பிள்ளையையே தன் நோய்க்கு மொழிபெயர்ப்பாளராக்குவது கூடாது. உறவினர் பிள்ளையை வைத்துப் பேசுவதும் அப்படியே.

உயிரைப் பற்றிய கேள்வி

"சாகணும்னு தோணுதா?" என்று நாங்கள் நேரடியாகக் கேட்கும்போது சில பெற்றோர் துணுக்குறுகின்றனர். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. இருக்கும் எண்ணத்தைச் சொல்ல ஒரு கதவு திறக்கும். நீங்களும் கேட்கலாம். "ஆமாம்" என்று விடை வந்தால் திட்டாதீர்கள், அழுது சத்தியம் வாங்காதீர்கள். சொன்னதற்கு நன்றி கூறிப் பக்கத்தில் இருங்கள், அன்றே அழைத்து வாருங்கள். இத்தகைய எண்ணம் பல வேளைகளில் அலைபோல ஏறி இறங்குவது. அலை உச்சத்தில் இருக்கும் சிறிது நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது உயிரைத் தீர்மானிக்கக்கூடும். எலி மருந்து, பூச்சிக்கொல்லி ஆகியவற்றை வீட்டைவிட்டு அகற்றுங்கள். பாட்டியின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். இதைச் செய்தோம் என்று நீங்கள் எங்களிடம் சொல்வது, நாங்கள் எழுதும் மருந்துச் சீட்டுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

பிள்ளையுடன் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டமும் எழுதுகிறோம். எண்ணம் நெருங்குவதன் அறிகுறி என்ன, அப்போது தானே செய்யக்கூடியது என்ன, யாரிடம் போய் உட்காரலாம், யாரை அழைக்கலாம் என்று ஒரு பக்கத்தில், பிள்ளையின் கையெழுத்தில். தற்கொலைக்கு முயன்ற பிள்ளையைப் போலீசுக்கு அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டுவராமல் வீட்டிலேயே வைத்திருப்போர் இன்றும் உள்ளனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. தயங்காமல் வாருங்கள்.

தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் கூடுதல் கவனம் தேவை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் தவறிய பாடத்தைத் துணைத் தேர்வில் அதே ஆண்டிலேயே எழுதலாம், ஓராண்டு வீணாகாது என்பதை முடிவு வருவதற்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமானால் 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ அரசு சேவை 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது; கட்டணமில்லை, தமிழில் பேசலாம். கட்டணம் தடையாக இருப்போர் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். எங்கள் குறிப்புகளை எழுதித் தருகிறோம்.

எத்தனை முறை வர வேண்டும்?

சிக்கல் தீர்க்கும் முறைக்கு நான்கு முதல் ஆறு. சிந்தனை–நடத்தைச் சிகிச்சைக்குப் பொதுவாக எட்டு முதல் பதினாறு. ஒவ்வொரு முறையும் பிள்ளை தன் சிக்கலின் கனத்திற்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பிடும். நான்கைந்து சந்திப்புகளுக்குப் பின்னும் எண் அசையவில்லை என்றால் முறையை மாற்றுகிறோம். தேவையானால் ஆலோசகரையும் மாற்றுகிறோம். பிள்ளை அதைக் கேட்டால் யாரும் மனம் நோகமாட்டார்கள்.

நம் பகுதியில் சிகிச்சை நின்றுபோவது பெரும்பாலும் இரண்டாம் சந்திப்புக்குப் பிறகுதான். ஷிப்டு மாறுகிறது, ஒருநாள் சம்பளம் போகிறது, பிள்ளையும் சற்றுத் தேறியதுபோல் தெரிகிறது. இதில் சோம்பலோ அக்கறையின்மையோ இல்லை என்பதை அறிவோம். பெற்றோரில் ஒருவர் வந்தால் போதும்; பதற்றத்திற்கும் மனச்சோர்வுக்கும் ஆன பல சந்திப்புகளுக்குப் பிள்ளை மட்டும் பாட்டியுடனோ அக்காவுடனோ வரலாம். முதல் வருகையின்போது பழைய பரிசோதனைத் தாள்களையும், பிள்ளை உட்கொள்ளும் மருந்துகளையும் கொண்டுவாருங்கள். உங்கள் ஷிப்டுப் பட்டியலையும் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். அதைப் பார்த்தே அடுத்த நான்கு சந்திப்புகளின் நாளையும் பதிவு மேசையில் குறித்துக்கொள்ளலாம்.